கணையத்தின் காவலர்கள்: நோயெதிர்ப்புச் செல்களும் நீரிழிவும்

நீரிழிவின் முதல் வகை, உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் செல்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிப்பதால் உண்டாகிறது. அதே நோயெதிர்ப்பு மண்டலத்தில் இந்த அழிவைத் தடுக்கும் செல்களும் இருக்கின்றன. தாக்கும் செல்களின் தடயங்கள் 1960களிலும் 1970களிலும் உறுதிப்பட்டன. காக்கும் செல்கள் இருக்கின்றன என்பதை அறிவியல் உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொள்ள மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அந்தக் கண்டுபிடிப்புக்கே வழங்கப்பட்டது.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்குத் தனியான ஓர் இடம் உண்டு. மெலிந்த உடலோடு இளவயதில் நீரிழிவுக்கு ஆளாகும் எல்லோரிடமும் நோயெதிர்ப்புச் செல்களே காரணம் அல்ல என்பதைச் சென்னையிலும் வேலூரிலும் நடந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. எந்த நோயாளியின் கணையம் தாக்கப்படுகிறது, எந்த நோயாளியின் கணையம் வேறு காரணத்தால் நலிகிறது என்று பிரித்தறிவது சிகிச்சையின் முதல் படி. பல நேரங்களில் அதுவே உயிர் காப்பது.

கணையமும் திட்டுகளும்

கணையம் இரைப்பைக்குப் பின்னால் கிடைமட்டமாக அமைந்த உறுப்பு. சுமார் 15 செ.மீ. நீளமுள்ளது. இதன் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரக்கிறது. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் பெர்லினில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், கணையத்தினுள் ஆங்காங்கே தனித்துக் காணப்படும் சிறு செல் கூட்டங்களை விவரித்தார். அவற்றின் பணி என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. 1893இல் பிரெஞ்சு அறிஞர் லாகேஸ் அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயரிட்டார். மனிதக் கணையத்தில் ஏறத்தாழ 10 லட்சம் திட்டுகள் உள்ளன. எடையில் அவை கணையத்தின் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கே.

1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்த நாய்க்கு நீரிழிவு வந்தது. கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு உறுதியாயிற்று. 1921இல் கனடாவின் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அதுவரை இந்நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துவந்தனர். இன்சுலின் அவர்களை வாழவைத்தது. ஆனால் அவர்களுடைய பீட்டா செல்கள் ஏன் அழிந்தன என்ற கேள்வி அப்படியே நின்றது.

தாக்கும் செல்கள்

நீரிழிவால் இறந்த குழந்தைகளின் கணையத்தை ஆராய்ந்த மருத்துவர்கள் சிலர், திட்டுகளுக்குள் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டிருந்தனர். 1940இல் வான் மேயன்பர்க் இதற்கு இன்சுலைட்டிஸ், அதாவது திட்டழற்சி, என்று பெயரிட்டார். இன்சுலின் கிடைத்த பிறகு நோய் தொடங்கிய சில வாரங்களுக்குள் இறப்போர் குறைந்தனர். திட்டுகளைத் தொடக்க நிலையில் பார்க்கும் வாய்ப்பும் அதனால் குறைந்தது. இந்தக் கவனிப்பு மறக்கப்பட்டது.

1965இல் பெல்ஜிய நோய்க்குறியியலாளர் வில்லி கெப்ட்ஸ் இதை மீட்டெடுத்தார். நோய் தொடங்கிய சிறிது காலத்தில் இறந்த 22 பேரின் கணையங்களை அவர் ஆராய்ந்தார். அவற்றுள் 15இல் திட்டழற்சி இருந்தது. 1974இல் லண்டனில் பொட்டாசோவும் டோனியாக்கும் திட்டுச் செல்களுக்கு எதிரான எதிர்பொருள்களை நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறிந்தனர். அதே ஆண்டில் டென்மார்க்கின் நெரூப் குழுவினர், நோயெதிர்ப்பை ஆளும் ஹெச்.எல்.ஏ. மரபணுக்களோடு இந்நோய்க்குத் தொடர்பு இருப்பதைக் காட்டினர். மூன்று தடயங்களும் ஒரே திசையைச் சுட்டின. உடல் தன் செல்களையே அயலாராகக் கருதித் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுள் முதல் வகை நீரிழிவும் சேர்ந்தது.

தாக்குதலின் முறை பின்னர் தெளிவாயிற்று. சி.டி.8 வகை டி செல்கள் பீட்டா செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதத் துண்டுகளை அடையாளம் கண்டு அதைக் கொல்கின்றன. சி.டி.4 வகை டி செல்கள் இந்தத் தாக்குதலை ஒருங்கிணைக்கின்றன. பி செல்கள் எதிர்பொருள்களை உண்டாக்குகின்றன. எதிர்பொருள்கள் நேரடியாகப் பெரும் அழிவைச் செய்வதில்லை. உள்ளே நடக்கும் போருக்கு அவை வெளியே தெரியும் அறிகுறிகள். 1986இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஐசன்பார்த், இந்த அழிவு ஒரே நாளில் நிகழ்வதன்று, பல மாதங்களோ ஆண்டுகளோ மெல்ல நடப்பது என்று விளக்கினார். சர்க்கரை உயர்வதற்கு முன்பே எதிர்பொருள்கள் தோன்றிவிடுகின்றன. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிர்பொருள்கள் தோன்றிய குழந்தைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் நோய் வெளிப்பட்டதை 2013இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

அழிவு மெல்ல நடக்கிறது என்றால் அதை ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தடுப்பைத் தேடிய ஆய்வு வேறொரு பாதையில் முன்பே தொடங்கியிருந்தது.

காக்கும் செல்களைத் தேடி

டி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. தைமஸ் அவற்றுக்கு ஒரு தேர்வு வைக்கிறது. உடலின் பல்வேறு உறுப்புகளில் உள்ள புரதங்கள், இன்சுலின் உட்பட, அங்கே சிறு அளவில் காட்டப்படுகின்றன. அவற்றை வலுவாகப் பற்றிக்கொள்ளும் டி செல்கள் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனால் இந்தத் தேர்வில் தப்பிவிடும் செல்கள் எல்லா மனிதர்களிடமும் உண்டு. நலமாக இருப்போரின் இரத்தத்திலும் பீட்டா செல்லைத் தாக்கும் திறனுள்ள டி செல்கள் காணப்படுகின்றன. அப்படியானால் எல்லோருக்கும் ஏன் நீரிழிவு வருவதில்லை?

1969இல் ஜப்பானின் நிஷிசுகா, சகாகுரா ஆகியோர் பிறந்து மூன்று நாளான எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றினர். நோயெதிர்ப்பு குறைந்துவிடும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் அந்த எலிகளின் சூலகங்கள் அழிந்தன. தாக்குதல் தைமஸ் இல்லாததால் தணியவில்லை, மிகுந்தது. தைமஸ் தாக்கும் செல்களோடு அடக்கும் செல்களையும் உருவாக்குகிறது என்ற எண்ணம் இதிலிருந்து எழுந்தது.

1970இல் அமெரிக்காவின் கெர்ஷானும் கோண்டோவும் ஒடுக்கும் டி செல்கள் உள்ளன என்று எழுதினர். அடுத்த பத்தாண்டுகளில் அதைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்தன. பின்னர் அந்தக் கருத்து சரிந்தது. ஒடுக்கும் செல்களுக்கு அடையாளம் என்று கூறப்பட்ட ஐ-ஜே என்னும் மரபணு, சொல்லப்பட்ட இடத்தில் இல்லவே இல்லை என 1980களின் தொடக்கத்தில் தெரிந்தது. அதன் பிறகு ஒடுக்கும் செல் என்ற சொல்லையே பலர் தவிர்த்தனர்.

ஜப்பானிய மருத்துவர் ஷிமோன் சகாகுச்சி இந்தத் தேடலைக் கைவிடாதவர்களுள் ஒருவர். 1995இல் அவருடைய குழு, சி.டி.25 என்னும் புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய சி.டி.4 டி செல்களை எலிகளிடமிருந்து பிரித்தெடுத்தது. அந்தச் செல்களை நீக்கிவிட்டு மீதமுள்ள டி செல்களை, தமக்கென டி செல்கள் இல்லாத எலிகளுக்குச் செலுத்தியபோது, தைராய்டு, இரைப்பை, சூலகம் எனப் பல உறுப்புகளில் அழற்சி உண்டாயிற்று. கணையத்தில் திட்டழற்சியும் தோன்றியது. நீக்கிய செல்களைத் திரும்பச் சேர்த்தபோது இந்த நோய்கள் தடுக்கப்பட்டன. டி செல்களுள் ஒரு சிறு பகுதி காவல் பணிக்கே உரியது என்பதற்கு இது நேரடியான சான்று. பின்னாளில் இவை ஒழுங்காற்று டி செல்கள் என்று அழைக்கப்பட்டன.

ஒரு மரபணுவும் பச்சிளம் குழந்தைகளும்

1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தோல் செதில் செதிலாக உரியும் ஆண் எலிக்குட்டிகள் பிறந்தன. அவற்றின் மண்ணீரல் வீங்கியிருந்தது. சில வாரங்களில் இறந்தன. இந்த எலிகளுக்கு ஸ்கர்ஃபி என்று பெயர். குறைபாடு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது என்பது மட்டும் தெரிந்திருந்தது. மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் சியாட்டில் அருகே ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகள் தேடி, 2001இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தனர். அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்தனர்.

அதே ஆண்டில், ஐபெக்ஸ் என்னும் அரிய பிறவி நோய் மனிதரில் அதே மரபணு பழுதுபட்டால் வருவது என்றும் தெரிந்தது. ஐபெக்ஸ் உள்ள ஆண் குழந்தைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கும் தோல் அழற்சியும் வரும். அவர்களுள் பலருக்குப் பிறந்த சில நாள்களிலோ வாரங்களிலோ முதல் வகை நீரிழிவு தொடங்கிவிடும். 2003இல் சகாகுச்சி குழுவினரும் வேறு ஆய்வாளர்களும், ஒழுங்காற்று டி செல்களை உருவாக்கும் தலைமை மரபணு ஃபாக்ஸ்பி3தான் என்று நிறுவினர். காவல் செல்கள் இல்லாமற்போனால் மனிதக் கணையம் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கு ஐபெக்ஸ் குழந்தைகளே விடை. முப்பது ஆண்டு ஐயத்துக்குப் பிறகு காவல் செல்களின் இருப்பு மறுக்க முடியாததாயிற்று. பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

காவல் நடைபெறும் விதம்

ஒழுங்காற்று டி செல்கள் கணையத்திலும் அதை ஒட்டிய நிணநீர்க் கணுக்களிலும் பல வழிகளில் பணியாற்றுகின்றன.

முதலாவது, பட்டினி போடுதல். டி செல்கள் பெருகுவதற்கு இன்டர்லூக்கின்-2 என்னும் புரதம் தேவை. சி.டி.25 அதைப் பற்றும் கொக்கி. ஒழுங்காற்றுச் செல்களில் இந்தக் கொக்கி மிகுதியாக இருப்பதால் அவை அப்புரதத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. தாக்கும் செல்களுக்கு எஞ்சுவது குறைவு.

இரண்டாவது, தூண்டுதலை நீக்குதல். தாக்கும் செல்லுக்குப் புரதத் துண்டைக் காட்டி எழுப்புவது டென்ட்ரைட்டிக் செல். ஒழுங்காற்றுச் செல்லின் மேலுள்ள சி.டி.எல்.ஏ-4 என்னும் புரதம், அந்த எழுப்புதலுக்கு வேண்டிய மூலக்கூறுகளை டென்ட்ரைட்டிக் செல்லின் மேற்பரப்பிலிருந்து பிடுங்கிவிடுகிறது.

மூன்றாவது, அமைதிப்படுத்தும் புரதங்களைச் சுரத்தல். இன்டர்லூக்கின்-10, டி.ஜி.எஃப்-பீட்டா ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

பீட்டா செல்லும் வெறுமனே காத்திருப்பதில்லை. அழற்சி நெருங்கும்போது அது பி.டி-எல்1 என்னும் புரதத்தை வெளிக்காட்டும். தாக்க வரும் டி செல்லின் பி.டி-1 புரதத்தோடு அது இணையும்போது தாக்குதல் தளர்கிறது. இந்தப் பிடி எவ்வளவு முக்கியம் என்பது புற்றுநோய் மருத்துவத்திலிருந்து தெரியவந்தது. பி.டி-1ஐத் தடுக்கும் மருந்துகள் டி செல்களைத் தளையிலிருந்து விடுவித்துப் புற்றுக்கட்டியைத் தாக்கவைக்கின்றன. அம்மருந்துகளைப் பெற்றவர்களுள் சிலருக்கு, முன்பு நீரிழிவே இல்லாதவர்களுக்கும், திடீரென இன்சுலின் இன்றியமையாத நீரிழிவு வந்தது. காவலைத் தளர்த்தினால் கணையம் தாக்கப்படும் என்பதை மனிதரிடத்தில் இது காட்டியது.

முதல் வகை நீரிழிவுக்கு உள்ளாகும் பெரும்பாலோரிடம் காவல் செல்கள் அறவே இல்லாமற் போவதில்லை. இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அவற்றின் திறன் குறைந்திருப்பதும், தாக்கும் செல்கள் அவற்றுக்கு அடங்காதிருப்பதும் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. இந்நோயோடு தொடர்புடைய மரபணுக்களுள் சி.டி.25, சி.டி.எல்.ஏ-4 ஆகியவற்றின் மரபணுக்கள் இருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

டி செல்கள் அல்லாத நோயெதிர்ப்புச் செல்களும் திட்டுகளில் குடியிருக்கின்றன. 2017இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்க் டோனாத் குழுவினர், எலிகளின் திட்டுகளில் வாழும் இரண்டாம் வகை இயல்பு நிணச் செல்கள் இன்சுலின் சுரப்புக்கு உதவுவதைக் கண்டனர். அச்செல்கள் தூண்டப்படும்போது அருகிலுள்ள மாக்ரோஃபேஜ் போன்ற செல்கள் ரெட்டினாயிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அது பீட்டா செல்லைக் கூடுதலாக இன்சுலின் வெளியிடச் செய்கிறது. ஆனால் நெடுநாள் உடற்பருமனில் மாக்ரோஃபேஜ்களே அழற்சியை வளர்த்து இரண்டாம் வகை நீரிழிவைக் கடுமையாக்குகின்றன. ஒரே குடும்பத்துச் செல்கள் சூழலுக்கேற்பக் காவலராகவும் பகைவராகவும் மாறுகின்றன.

சென்னை: எல்லாம் தாக்குதல் அல்ல

தமிழ்நாட்டில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவம் தொடங்கியவர் எம். விஸ்வநாதன். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் நீரிழிவுக்கான தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார். அவர் வழியில் ஏ. ராமச்சந்திரன், சி. சினேகலதா, வி. மோகன் முதலியோரின் ஆய்வுகள் வளர்ந்தன. 1990களில் சென்னை நகரில் 15 வயதுக்கு உட்பட்டோரிடம் முதல் வகை நீரிழிவைப் பதிவுசெய்த ஆய்வு, ஆண்டுதோறும் லட்சம் குழந்தைகளுக்கு 10.5 என்ற அளவில் அது புதிதாகத் தோன்றுவதை 1996இல் வெளியிட்டது. இந்நோய் இந்தியக் குழந்தைகளிடம் மிக அரிது என்ற எண்ணத்தை இந்த எண் மாற்றியது.

அதே காலத்தில், மேலைநாட்டுப் பாடநூல்களில் அதிகம் இடம்பெறாத இன்னொரு நோயாளியும் தென்னிந்திய மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தார். ஏழைக் குடும்பத்தவர். இளைஞர். எலும்பும் தோலுமாக மெலிந்தவர். சிறுவயது முதல் அவ்வப்போது கடுமையான வயிற்றுவலி. எக்ஸ்-கதிர்ப் படத்தில் கணையக் குழாய்களில் கற்கள் தெரியும். சர்க்கரை மிக உயர்ந்திருக்கும். இன்சுலின் தேவைப்படும். ஆனால் இன்சுலின் இல்லாவிட்டாலும் முதல் வகை நோயாளிகளைப் போல எளிதில் கீட்டோன் மிகுந்து மயங்கி விழுவதில்லை. கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் இந்த நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். சென்னையில் மோகன் குழுவினர் பல ஆண்டுகள் இவர்களை ஆராய்ந்தனர். உலக சுகாதார நிறுவனம் 1985இல் இதற்கு நார்க்கல் கணைய நீரிழிவு என்னும் பொருளுடைய பெயரைத் தந்தது.

வயதையும் மெலிவையும் மட்டும் பார்த்தால் இவரை முதல் வகை நோயாளி என்றே முடிவுகட்டலாம். ஆனால் இவர்களுள் பெரும்பாலோரின் இரத்தத்தில் திட்டுகளுக்கு எதிரான எதிர்பொருள்கள் காணப்படவில்லை. இங்கே கணையம் முழுவதும் நார்த்தன்மை அடைந்து சுருங்குகிறது. அந்த அழிவில் திட்டுகளும் சிக்கிக்கொள்கின்றன. செரிமான நொதிகளும் குறைவதால் கொழுப்பு செரிக்காமல் வெளியேறும். இன்சுலினோடு நொதி மாத்திரைகளும் தரவேண்டியிருக்கும். முதல் வகை என்று தவறாகக் கருதினால் அந்த நொதிகள் அவருக்குக் கிடைக்காமற் போகும்.

மரவள்ளிக்கிழங்கின் மீதான ஐயம்

இந்த நோய்க்குக் காரணம் தேடியபோது ஐயம் மரவள்ளிக்கிழங்கின் மேல் விழுந்தது. மரவள்ளியில் சயனைடை விடுவிக்கும் பொருள்கள் உள்ளன. நோய் மிகுந்த கேரளத்தில் ஏழைகளின் உணவு மரவள்ளி. 1979இல் மெக்மில்லனும் கீவர்கீஸும் இந்த இரண்டையும் இணைத்து எழுதினர்.

தமிழ்நாட்டில் மரவள்ளிக்கும் ஜவ்வரிசிக்கும் பெயர்பெற்றது சேலம் மாவட்டம். சேர்வராயன் மலைக்குக் கீழே உள்ள சமவெளியில் பல்லாயிரம் குடும்பங்கள் அந்தப் பயிரையும் ஆலைகளையும் நம்பி வாழ்கின்றன. ஆகவே இது ஆய்வகத்தோடு முடிந்துவிடும் கேள்வியாக இல்லை. மரவள்ளி உண்ணாதோரிடமும் இந்நோய் காணப்பட்டது. 2000இல் சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு நெடுநாள் மரவள்ளி கொடுத்துச் சோதித்த முடிவை வெளியிட்டனர். அவற்றுக்கு நீரிழிவோ கணைய அழற்சியோ வரவில்லை. 2002 முதல் வெளியான மரபணு ஆய்வுகள், கணையத்தை அதன் சொந்த நொதிகளிடமிருந்து காக்கும் ஸ்பிங்க்1 மரபணுவின் மாற்றம் இந்நோயாளிகள் பலரிடம் இருப்பதைக் காட்டின. இங்கும் ஒரு காவல் தவறுகிறது. ஆனால் அது நோயெதிர்ப்புச் செல்லின் காவல் அன்று.

வேலூர்: ஐந்தாம் வகை

கணையத்தில் கல்லும் இல்லை, இரத்தத்தில் எதிர்பொருளும் இல்லை, ஆனாலும் மெலிந்த உடலில் நீரிழிவு. இப்படிப்பட்டவர்களை 1955இல் ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் விவரித்தார். 1985இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறை சார்ந்த நீரிழிவு என்று ஒரு வகையை ஏற்றது. போதிய சான்று இல்லை என்று 1999இல் அதை நீக்கிவிட்டது. வகை நீங்கினாலும் நோயாளிகள் வருவது நிற்கவில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நிஹால் தாமஸ் குழுவினர், நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸ் குழுவினரோடு இணைந்து இந்த நோயாளிகளை நுட்பமாக ஆராய்ந்தனர். 2022இல் வெளியான அந்த ஆய்வில், மிகக் குறைந்த உடல் எடையுடைய 20 நீரிழிவு ஆண்கள், முதல் வகை நோயாளிகளோடும் இரண்டாம் வகை நோயாளிகளோடும் ஒப்பிடப்பட்டனர். அவர்களுடைய உடல் இன்சுலினுக்கு நன்றாகவே இணங்கியது. ஆகவே இரண்டாம் வகை அன்று. இன்சுலின் சுரப்பு குறைவாக இருந்தாலும் முதல் வகையினரைப் போல வற்றிவிடவில்லை. தன்னெதிர்ப்பின் அடையாளமும் இல்லை. 2025 ஜனவரியில் வேலூரில் வல்லுநர் கூட்டம் நடந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றது. உலகில் 2 முதல் 2.5 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

இந்நோயாளிக்கு முதல் வகையினருக்குரிய அளவில் இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். வேளைக்கு உணவு உறுதியில்லாத வீட்டில் அது உயிருக்கே ஊறு.

காவலைச் சிகிச்சையாக்குதல்

தாக்கும் செல்களை மருந்தால் அடக்கலாம் என்ற முயற்சி 1980களில் பிரான்சில் நடந்தது. சைக்ளோஸ்போரின் பெற்ற சில நோயாளிகள் சில காலம் இன்சுலின் இன்றி இருந்தனர். ஆனால் அம்மருந்து நோயெதிர்ப்பு முழுவதையும் அடக்கியது. சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்தது. எல்லாப் படையையும் முடக்குவது தீர்வன்று என்பது தெளிவாயிற்று.

அடுத்து வந்தது டெப்லிசுமாப். இது டி செல்லின் சி.டி.3 புரதத்தோடு இணைந்து தாக்கும் செல்களைத் தளரச் செய்யும் எதிர்பொருள் மருந்து. நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 76 பேரிடம் நடந்த சோதனை 2019இல் வெளியானது. 14 நாள் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் வெளிப்பட இடைநிலையாக 48.4 மாதங்கள் ஆயின. பெறாதவர்களுக்கு 24.4 மாதங்கள். 2022 நவம்பரில் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. முதல் வகை நீரிழிவைத் தள்ளிப்போடும் முதல் மருந்து இதுவே. அறிமுகமானபோது ஒரு முழுச் சிகிச்சையின் விலை சுமார் 1,90,000 டாலர்.

காவல் செல்களையே எடுத்துப் பெருக்கித் திரும்பச் செலுத்தும் முயற்சியும் நடக்கிறது. போலந்தின் குடான்ஸ்க் நகர மருத்துவர்கள் 2012இல் குழந்தைகளிடமும், அமெரிக்காவின் புளூஸ்டோன் குழுவினர் 2015இல் 14 பேரிடமும் இதைச் செய்து, பாதுகாப்பானது என்று அறிவித்தனர். ஆனால் 2024இல் வெளியான பெரிய சோதனையில், இந்தச் செல்கள் குழந்தைகளின் எஞ்சிய இன்சுலின் சுரப்பைக் காக்கவில்லை. உடல் முழுவதும் உலவும் பொதுவான காவல் செல்கள் போதவில்லை என்றே பலர் கருதுகின்றனர். திட்டுகளை மட்டும் அடையாளம் கண்டு அங்கேயே நிற்கும் காவல் செல்களை உருவாக்குவது இப்போதைய ஆய்வின் நோக்கம்.

மலையூர் வரை

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். எனவே நீரிழிவு என்றாலே நடுவயதும் மாத்திரையும் என்ற எண்ணம் ஊரெங்கும் பரவியுள்ளது. முதல் வகைக் குழந்தைக்கு இந்த எண்ணமே ஆபத்து.

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சார்ந்த செம்மநத்தம் போன்ற ஊர்களில் ஒரு குழந்தை திடீரென மெலிந்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால், அங்கே முதலில் வேண்டியது நோபல் பரிசு பெற்ற சிகிச்சை அன்று. விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதே முதல் தேவை. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவை வந்தால் கீட்டோன் நச்சு ஏறிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டும். அதை வயிற்றுக் கோளாறு என்றோ நிமோனியா என்றோ எண்ணிக் காலம் கடத்தினால் குழந்தை இறக்க நேரிடும். கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்து அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய ஆகும் நேரமும் கணக்கில் சேரும்.

உயிர் காப்பாற்றப்பட்ட பிறகே அடுத்த கேள்வி. எதிர்பொருள் சோதனை, உடலின் சொந்த இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடு சோதனை, கணையத்தின் ஸ்கேன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது முதல் வகையா, கல் கணையமா, ஐந்தாம் வகையா என்று பெரும்பாலும் பிரித்தறியலாம். முதல் வகை என்றால் இன்சுலின் வாழ்நாள் முழுவதும் ஒரு நாளும் தவறக் கூடாது. அதைக் குளிர்ச்சியாக வைக்கக் குளிர்பெட்டி இல்லாத வீடுகளில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானை வைத்துப் பாதுகாக்கும் முறை இந்தியாவில் வழக்கத்தில் உள்ளது.

காவல் செல்களைத் திருப்பும் மருந்துகள் நாளை மலிவாகலாம். அவை பயன்படுவது நோயெதிர்ப்புச் செல்கள் தாக்கும் கணையத்துக்கு மட்டுமே. எந்தக் கணையத்தை எது அழிக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே ராயபுரம் முதல் வேலூர் வரையிலான எழுபது ஆண்டு மருத்துவம் இந்த அறிவியலுக்குச் சேர்த்த பாடம்.